ஏட்டையாவுக்கு ஒரு சுமைதாங்கி

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்துப் பிள்ளைகளை வெளியே விட்ட நேரத்தில் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் பாளையங்கோட்டை போலீஸ் லைனில் குடியிருக்கும் கான்ஸ்டபிள் சுப்பையா. பள்ளிக்கூட வாசலில் நின்று, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கான்ஸ்டபிள் இசக்கிமுத்து" என்று ஆரம்பித்தார். அதைப் பாதியில் விட்டுவிட்டு, "நம்ம ஏட்டையா போயிட்டாவ டீச்சரம்மா" என்றார்.

விஷக் காய்ச்சலாம். படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். சர்க்கார் கணக்கில் அவர் கான்ஸ்டபிளாகச் செத்தார். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் அவரை அறிந்த ஒருவர் வாயிலும் அந்தச் சொல் கடைசிவரை வந்ததில்லை. அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது கண்ணீர் முன்னால் வரவேண்டும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் முன்னால் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

அன்றைக்கே வண்டி பிடித்து லைன் வீட்டுக்குப் போனேன். நான் போய்ச் சேரும்போது பாடைகூடக் கட்டி முடியவில்லை. அதற்குள் போலீஸ் கச்சேரியிலிருந்து ஒரு ஆள் வந்து முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். தலைப்பாகை, பெல்ட்டு, நம்பர் போட்ட பித்தளை வில்லை எல்லாம் சர்க்கார் சொத்து, இப்போதே ஒப்படைக்க வேண்டும் என்று அவனை அனுப்பியிருந்தார்கள். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் தலையைத் தூக்கவே இல்லை. அனுப்பினவர்களைத்தான் கேட்கிறேன். பிணம் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு ஓடிவிடுமா? ஏட்டையாவின் மனைவி பார்வதியம்மாள் உள்ளே போய் எல்லாவற்றையும் மடித்து எடுத்து வந்தாள். "தலைப்பாகையைக் கொண்டு போங்க. தலை எங்களுக்குப் போதும்" என்று சொல்லி அவன் கையில் வைத்தாள். அதன் பிறகுதான் அவள் அழுதாள்.

எங்கள் சாலையில் ரோந்து அவருடைய பொறுப்பு. இரண்டு கான்ஸ்டபிள்களைக் கூட்டிக்கொண்டு சந்தைகளையும் சத்திரங்களையும் ஆற்றுத்துறையையும் பார்த்துவிட்டுத் திரும்புவார். மற்ற போலீஸ்காரர்கள் பனைமறைவிலும் மண்டபத்து நிழலிலும் பதுங்கி நின்று ஆளைப் பிடிப்பார்கள். இவரோ நடுச்சாலையில், கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் உரத்து விசாரித்துக்கொண்டு வருவார். அவர் வளைவு திரும்புவதற்கு முன்பே தொண்டை வந்துவிடும். இப்படி வந்தால் கள்ளன் ஓடிப்போக மாட்டானா என்று சுப்பையா ஒருமுறை கேட்டிருக்கிறார். "ஓடட்டும்லே. ஓடிட்டாம்னா களவு நடக்கலைல்லா? போலீஸ்காரன் வாரது தெரியணும். ஒளிஞ்சு வாரது கள்ளன் வேலை" என்றாராம். சுப்பையா இதை லைன் முற்றத்தில் எங்களுக்குச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அவரை நான் முதலில் அறிந்ததே சண்டையில்தான். நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிது. பங்குனி உத்திரத்துக்குத் திருச்செந்தூர் போகும் வண்டிகள் சாலையில் சாரிசாரியாக ஓடிக்கொண்டிருந்தன. நான் வழக்கம்போல் மணியடித்துப் பிள்ளைகளை விட்டேன். பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவே சிதறி ஓடின. இவர் வந்து வாசலில் நின்று, வண்டி போகாத நேரம் பார்த்து மணி அடிக்கக் கூடாதா என்று ஊருக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பள்ளிக்கூடத்து மணியை எப்போது அடிப்பது என்று எனக்கு ஒரு ஏட்டு சொல்லித் தருவதா என்று நானும் சத்தம் போட்டேன். "பிள்ளைய படிக்கதுக்கு உசிரோட இருக்கணும்லா, டீச்சரம்மா" என்றார், அப்போதும் சத்தமாகத்தான். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மறுநாளிலிருந்து திருவிழாக் காலங்களில் அவர் கம்பைத் தூக்கி வண்டிகளை நிறுத்துவார், நான் மணியடிப்பேன். கடைசிவரை அந்தச் சண்டையில் தோற்றது யார் என்று நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டதில்லை.

இன்னொரு பழக்கம் அவருக்கு இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவது விளங்காது. எங்கள் சாலையில் வண்டிகளைவிடத் தலைச்சுமைக்காரிகள் அதிகம். கடற்கரையிலிருந்து மீன், தேரிக்காட்டிலிருந்து கருப்புக்கட்டி, உப்பு, விறகு எல்லாம் பெண்களின் தலையில்தான் பாளையங்கோட்டைக்கு வருகின்றன. தலைச்சுமை தூக்குகிறவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. இன்னொருவர் கைகொடுத்தால்தான் அந்தக் கனம் தலைக்கு ஏறும். ஆளில்லாத இடத்தில் இறக்கிவிட்டால் தானாகத் திரும்ப ஏற்ற முடியாது. ஆகையால் கழுத்து இற்றுப்போனாலும் இறக்காமல் நடப்பார்கள். ஏட்டையா எதிரே வந்தால் மட்டும் இறக்குவார்கள். கம்பைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்துவிட்டு அவரே கைகொடுத்து இறக்குவார், அவர்கள் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கும்வரை நிற்பார், பிறகு அவரே தூக்கி ஏற்றிவிடுவார். மீன்கூடைத் தண்ணீர் சட்டையெல்லாம் ஒழுகும். ஏட்டு உத்தியோகத்துக்கு இது அழகா என்று சாலையோரத்துப் பெரியமனிதர்கள் முகம் சுளித்தார்கள். "இறக்கி வச்சா ஏத்திவிட ஆளு வேணும்லா? பின்ன எதுக்கு சர்க்கார் எனக்குச் சம்பளம் தருது?" என்பார்.

இப்படி இருந்த மனிதரின் சட்டைக் கையிலிருந்து ஏட்டுப் பட்டையை அறுத்தார்கள். ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தோம். இன்றைக்காவது முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்பாசமுத்திரத்துப் பக்கத்து மிராசுதார் ஒருவர் குடும்பத்தோடு திருச்செந்தூர் போய் நேர்ச்சையை முடித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் மருதமரத் தோப்பில் வண்டிகளை அவிழ்த்துப்போட்டுக் கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். அதே நிழலில் தலைச்சுமைக்காரிகளும் கூடைகளை இறக்கி வைத்திருந்தார்கள். மிராசுதாரின் மனைவி கடலில் நீராடப் போகும்போது கழுத்திலிருந்த சிவப்புக்கல் அட்டிகையைக் கழற்றி மாமியாரிடம் கொடுத்திருக்கிறாள். ஸ்ரீவைகுண்டத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று தோப்பில் அதைக் கேட்டபோது காணோம். வண்டிப்பெட்டிக்குள் வைத்தேன் என்று மாமியார் சத்தியம் பண்ணினாள். பெட்டியில் இல்லை. அப்படியானால் எடுத்தது யார்? மிராசுதாரின் கண் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

திருவிழாக் காவலுக்கு வந்திருந்த புது இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்து இறங்கினார். அவர் பெயரை எழுத என் பேனாவுக்கு விருப்பமில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை, வண்டிக்காரர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பெண்களையெல்லாம் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போங்கள், ஒரு ராத்திரி வைத்து விசாரித்தால் அட்டிகை தன்னாலே வரும் என்று ஏட்டையாவிடம் சொன்னார். மாடு ஓட்டுவதற்குச் சொல்லும் வார்த்தை அது. அந்தப் பெண்களில் சந்தனமாரி என்று ஒருத்தி, கருப்புக்கட்டி விற்கிறவள், நிறைமாதமாக இருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழக்கூட அவளுக்கு முடியவில்லை.

சத்தம் கேட்டு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டேன். ஏட்டையா அன்றைக்குத்தான், நான் பார்த்து முதல்தடவையாக, மெதுவாகப் பேசினார். "பொம்பளையாள ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக மாட்டேன்யா. சோதிக்கணும்னா இங்கனயே சோதிப்போம். டீச்சரம்மா இருக்காவ." இன்ஸ்பெக்டர் மறுபடியும் உத்தரவு போட்டார். "மாட்டேன்யா" என்றார் இவர். பதில் பேசிக்கொண்டு நிற்கவில்லை, கையை ஓங்கவில்லை, சல்யூட் அடித்த விறைப்பும் குறையவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிள்களைப் பார்த்தார். சுப்பையாவும் மற்றவரும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் நான் அந்தப் பெண்களை வகுப்பறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். மடி, முந்தி, கொண்டை, கூடை ஒன்றையும் விடாமல் பார்த்தேன். பார்க்க என் கை கூசியது. அவர்கள் ஒருத்தியும் என்னை வையவில்லை. அட்டிகை இல்லை. இன்ஸ்பெக்டர் குதிரையில் ஏறும்போது ஏட்டையாவை ஒரு பார்வை பார்த்தார். நெருப்புக்குச்சி உரசினதுபோல் இருந்தது அந்தப் பார்வை. சந்தனமாரிக்கு அன்று பொழுது சாய்வதற்குள் எங்கள் பள்ளிக்கூட வராந்தாவிலேயே இடுப்புவலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடந்ததாம். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்துதான் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தாள். அவளை அழைத்துவர மிராசுதாரின் வண்டிகளில் ஒன்றை வாங்கி ஓட்டிப்போனது யார் என்றா கேட்கிறீர்கள்? ஏட்டையாதான். கேட்டு வாங்கினாரா, கேளாமல் வாங்கினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மாதமே அவரை ஏட்டிலிருந்து கான்ஸ்டபிளாக இறக்கினார்கள். மேலதிகாரியின் உத்தரவை மீறினார் என்பது குற்றம். சாலையிலிருந்து அவரை எடுத்துக் கஜானாக் காவலில் போட்டார்கள். காலையிலிருந்து ஒரே கதவடியில் நிற்கவேண்டும். நடந்துகொண்டே இருந்த மனிதரை இதைவிடப் பொருத்தமாகத் தண்டிக்க யாராலும் முடியாது. அவருக்குக் கீழே வேலை பழகிய ஆட்கள் ஏட்டாகி அந்த வழியே வந்தார்கள். அவர்களுக்கு இவர் சல்யூட் அடித்தார். அவர்களில் நல்லவர்கள் வேறு வழியாகச் சுற்றிப் போனார்கள்.

அட்டிகை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திருச்செந்தூரில் உண்டியல் திறந்தபோது, ஒரு மஞ்சள்துணி முடிப்புக்குள், நேர்ச்சைக் காசுகளோடு இருந்தது. மருமகள் கழற்றிக் கொடுத்ததும், பத்திரமாக இருக்கட்டும் என்று மாமியார் அதைக் கையிலிருந்த காணிக்கை முடிப்புக்குள்ளேயே முடிந்து வைத்திருக்கிறாள். சன்னிதிக் கூட்டத்தில் இடிபட்டு, கைகூப்பி, அதை மறந்து முடிப்போடு உண்டியலில் போட்டுவிட்டாள். அட்டிகையின் பின்புறம் வீட்டு முத்திரை வெட்டியிருந்ததால் யாருடையது என்று கோயிலில் கண்டுகொண்டார்கள். உண்டியலில் விழுந்தது சுவாமிக்கு. ஆகையால் திருப்பித் தர வழியில்லை. பெரிய காணிக்கை என்று நினைத்து, ஆள்மூலம் பிரசாதமும் மரியாதையும் வீடுதேடி அனுப்பினார்கள். மிராசுதார் என்ன செய்திருக்க வேண்டும்? தப்பு எங்கள் வீட்டில்தான் நடந்தது, அந்த ஏட்டைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயே திறக்கவில்லை. அடுத்த திருவிழாவில் கோயிலில் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். சிவப்புக்கல் அட்டிகை கொடுத்த புண்ணியவான் என்று சொல்லிச்சொல்லிக் கட்டினார்களாம். வாசலில் கருப்புக்கட்டி விற்றுக்கொண்டிருந்த சந்தனமாரி அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். தோப்பில் காணாமல்போனது எந்த அட்டிகை என்று அவளுக்கா தெரியாது?

என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பெரிய கச்சேரிக்கே போனேன். காத்திருக்க வைத்தார்கள், காத்திருந்தேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "திருட்டுக்காக அவனை இறக்கவில்லையே அம்மா. உத்தரவை மீறியதற்காக இறக்கியது. நகை எங்கே கிடைத்தாலும் உத்தரவு உத்தரவுதான்" என்றார். அந்த உத்தரவு அநியாயம் என்று அட்டிகையே வந்து சாட்சி சொல்லிவிட்டதே என்றேன். அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தாலாவது மனிதர் என்று எண்ணியிருப்பேன். வெளியே வந்து கஜானா வாசலில் நின்ற ஏட்டையாவிடம் சொல்லிப் பொருமினேன். "அட்டிகை கெடைச்சாலும் கெடைக்காட்டாலும் நான் மாட்டேம்னு சொன்னது சொன்னதுதான, டீச்சரம்மா. அது பெட்டிக்குள்ள இருந்து எடுத்த களவாவே இருக்கட்டும். அப்பவும் மாட்டேம்னுதான் சொல்லியிருப்பேன். பைய வீட்டுக்குப் போங்க, வெயில் ஏறுது" என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. இந்த மனிதருக்கு ஒரு ஆத்திரமாவது வரவேண்டாமா என்று வழியெல்லாம் மாட்டுவண்டியில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். கடைசிவரை அவர் திரும்ப ஏட்டாகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் தலைச்சுமைக்காரிகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். தோப்புக்கு எதிரே ஏட்டையா பேரில் சுமைதாங்கிக் கல் நாட்டப்போகிறோம், எழுத்து வெட்டுவதற்கு நீங்கள் எழுதித் தரவேண்டும் என்றார்கள். சுமைதாங்கியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நின்றபடியே தலைச்சுமையைத் தள்ளி வைக்கிற உயரத்தில் இரண்டு கல்லை நாட்டி மேலே ஒரு கல்லைப் பாவியிருப்பார்கள். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு செத்துப்போன பெண்ணின் பேரில் அதை நாட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். செத்தும் இறக்காத அவள் சுமை இறங்கட்டும் என்று நாட்டுவார்கள். ஊர்ப்பெரியவர்கள் சிரித்தார்கள். மீசை வைத்த போலீஸ்காரனுக்குச் சுமைதாங்கியா என்று சாலையோரமெல்லாம் கேலி. சந்தனமாரி இடுப்பில் பிள்ளையோடு நின்று சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அன்னைக்கு என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருந்தா, எனக்குத்தான் இந்தக் கல்லு நட்டிருப்பாவ. எனக்கு வைக்கவேண்டிய கல்லை நான் அவருக்கு வைக்கேன். இதுல சிரிக்கதுக்கு என்ன இருக்கு?" அதற்குப் பிறகு அவளுக்கு எதிரே யாரும் சிரிக்கவில்லை.

கல் வந்தது. கல்தச்சரும் வந்துவிட்டார். நான் சுண்ணாம்புக்கட்டியால் 'ஏட்டு இசக்கிமுத்து' என்று எழுதிக்கொண்டிருந்தபோது கிராம முன்சீப்பு வந்தார். யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். கல் நாட்டுவதில் ஆட்சேபணை இல்லையாம். ஏட்டு என்று மட்டும் வெட்டக் கூடாதாம். சர்க்கார் இறக்கிவிட்ட உத்தியோகத்தைச் சாலையில் கல்லில் வெட்டினால் அது சர்க்காரை எதிர்த்தது ஆகுமாம். நான் வாய்திறக்கும் முன்பே சந்தனமாரி, "சர்க்கார் வச்ச பேரை நாங்க வெட்டலையே, முன்சீப்பையா. நாங்க கூப்பிட்ட பேரைத்தான வெட்டுதோம்" என்றாள். முன்சீப்பு அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, நீங்க படிச்சவிய. உங்க பள்ளிக்கூடத்துக்கு வருசா வருசம் சர்க்கார் கிராண்டு வரணும். நாளைக்கு யார் எழுதிக் கொடுத்தான்னு கேள்வி வரும். அந்த மூணு எழுத்தை உங்க கையாலயே அழிச்சிருங்க" என்றார். மிரட்டவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஏட்டையாவின் பொருள் என்று என்னிடம் ஒன்றும் கிடையாது. தலைப்பாகையும் வில்லையும் சர்க்காருக்குப் போயின. அவருடைய கம்பைச் சுப்பையா வைத்திருக்கிறார், அது அவருக்குத்தான் சேரும். என்னிடம் இருப்பது தோப்பில் கேட்ட அந்த ஒரு சொல். நான் கோபக்காரி. கத்துவேன், அழுவேன், கச்சேரிக்குப் போய் நியாயம் பேசுவேன். ஆனால் ஒரு அதிகாரியின் முகத்தைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் அந்தச் சொல்லை அதுவரை நான் சொன்னதே இல்லை. சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைக்காமல் சொன்னேன்.

"மாட்டேன் ஐயா."

முன்சீப்பிடம், கேள்வி வந்தால் என் பெயரைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். கல்தச்சர் யாரையும் பார்க்காமல் உளியை எடுத்து, முதல் எழுத்திலேயே வைத்தார். கல் இப்போது தோப்புக்கு எதிரே நிற்கிறது. கேள்வி இன்னும் வரவில்லை, வரும். நீங்கள் அந்த வழியாகப் போகும்போது என்ன வெட்டியிருக்கிறது என்று வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களுக்கும் கேட்கட்டும். தலையில் சுமை இருந்தால் இறக்கி வையுங்கள். திரும்ப ஏற்றிவிட ஆள் வேண்டாம்.